லில்லிக் கிழங்கும் பம்பாய் வெங்காயமும்

சாச்சா பூச்செடிகளை வீட்டுக்குள் வளர்த்தவர். எங்கள் தெருவில் வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை. கல்முனைக் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வளவு இருந்தது. முற்றத்தில் எதை நட்டாலும் பாதியை உப்புக்காற்று கருக்கிவிடும், மீதியைத் தெருவில் திரியும் ஆடுகள் முடித்துவைக்கும். மற்றவர்கள் வாசலில் இரண்டு குரோட்டன் செடியோடு மனதைத் தேற்றிக்கொண்டார்கள். சாச்சாவால் முடியவில்லை. அவர் கத்தாரில் ஒரு பெரிய ஹோட்டலில் பத்து வருடம் வேலை செய்தவர். கட்டடத்துக்குள் வைத்திருக்கும் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் விடுவதும், இலைகளை ஈரத்துணியால் துடைப்பதும்தான் அங்கே அவருடைய வேலை. திரும்பி வந்து சவளக்கடைப் பக்கம் வயல் செய்யத் தொடங்கிய பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை.

சாச்சி என் உம்மாவின் தங்கை, சாச்சா அவர் கணவர். எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் செய்துவைப்பார்கள். அதனால் உம்மாவின் வீடும் சாச்சியின் வீடும் ஒரே வளவுக்குள் அடுத்தடுத்து இருந்தன. சாச்சிக்குப் பிள்ளைகள் இல்லை. ஒன்பது வயதில் என் பாதி நாள் அந்த வீட்டில்தான் கழிந்தது.

"பத்து வருசம் வெளிநாட்டில நிண்டு இலை துடைக்கப் படிச்சிட்டு வந்திரிக்காரு" என்று உம்மா சொல்லிச் சிரிப்பார். சாச்சி சிரிக்கமாட்டார். ஏனென்றால் சாடிகள் இருந்தது சாச்சியின் படுக்கையறையில். நல்ல வெளிச்சமும் வெயில் படாத மூலையும் அந்த அறைக்குத்தான் வாய்த்திருந்தன. இரண்டு அந்தூரியம், ஒரு பிகோனியா, யன்னலடியில் ஊதாப் பூப் பூக்கிற மூன்று சின்னச் சாடி, அலுமாரிக்கு மேல் பெயர் தெரியாத ஒன்று. எறும்பு வரும், நுளம்பு வரும், தரையில் எப்போதும் ஒரு ஈரவட்டம் இருக்கும்.

"மனிசர் படுக்கிற அறையா, காடா?" என்று சாச்சி கேட்பார். சாச்சா இலை துடைத்துக்கொண்டே இருப்பார்.

அவருடைய பேச்சைக் கேட்க இருந்த ஒரே ஆள் நான். அவர் சேர்ட் பையில் எப்போதும் டொபி இருக்கும். அது கைக்கு வரும்வரை நான் செடிகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பேன், தலையாட்டுவேன். உண்மையில் என் கவனம் முழுவதும் அந்தப் பையில்தான் இருந்தது.

பெரும்போக அறுவடை நேரம். வயலில் வெட்டு மெசின் ஓடிக்கொண்டிருந்தபோது வரம்பில் நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழும்பவில்லை. பகலுக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், அன்று பின்னேரமே அடக்கம் செய்தார்கள்.

அதற்கு மூன்று நாளைக்கு முன்புதான் சாடிகளால் ஒரு பெரிய சண்டை நடந்திருந்தது. சாச்சா கோபத்தில் எல்லாச் சாடிகளையும் தூக்கிக்கொண்டுபோய் ஹோலில் சுவரோரம் அடுக்கிவிட்டார். அன்றிலிருந்து இருவரும் கதைக்கவில்லை. கடைசி நாள் காலை அவர் மோட்டார் சைக்கிளை வெளியே எடுக்கும்போது சாச்சி சுவர்ப்பக்கம் திரும்பி, உறங்குவதுபோலப் படுத்திருந்தாராம். இதையெல்லாம் உம்மா எனக்குச் சொன்னது, எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய காலத்தில். ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்தது, சாடிகள் இடம் மாறியிருந்தன என்பது மட்டுமே.

சாச்சி இத்தாவில் இருந்தார். கணவன் மௌத்தானால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளிக்கிடாமல், வெளி ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கிற காலம் அது. சாச்சி அந்தப் படுக்கையறைக்குள்ளேயே இருந்துகொண்டார். வெள்ளைச் சேலை, தலையில் வெள்ளைத் துணி. தெருப் பக்கத்து யன்னலைச் சாத்தி, வளவைப் பார்த்த யன்னலுக்கு மட்டும் பாதித் திரை விட்டார்கள். உம்மா மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுபோனார். பாதிச் சோறு திரும்பி வந்தது. தொழுகை நேரம் தவிர சாச்சி எழும்பவேயில்லை, கேட்டால்தான் பதில் சொன்னார். "பள்ளிக்கூடம் விட்டா அவடத்த போய் இரி. சும்மா கதைச்சிட்டு இரி" என்று உம்மா என்னை அனுப்பினார்.

நான் போய் இருந்தேன். என்ன கதைப்பதென்று தெரியவில்லை. கணக்கு வாய்ப்பாடு சொன்னேன். வகுப்பில் யார் யாரோடு கோபம் என்று சொன்னேன். சாச்சி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது கிழமையோ நான்காவதோ, ஒருநாள் பின்னேரம் அவராகவே வாயைத் திறந்தார்.

"ஹோலுக்குள்ள சாடிக்கெல்லாம் ஆரு தண்ணி ஊத்துற?"

"ஒருத்தரும் இல்ல சாச்சி."

"ஒனக்குத் தெரியுமா, அதுகள எப்படிப் பாக்கிற எண்டு?"

"ஓம். சாச்சா எல்லாம் சொல்லித் தந்திரிக்காரு" என்றேன். எல்லாம் என்ற சொல் எவ்வளவு பெரியது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

"ஒவ்வொண்டா உள்ள தூக்கிட்டு வா."

காடு என்று திட்டியவர் காட்டை உள்ளே கூப்பிட்டது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஏழு சாடியையும் கொண்டுவந்து வைத்தேன். அந்தூரியத்தின் இலையோரம் காய்ந்து சுருண்டிருந்தது. பிகோனியா தண்டு தொய்ந்து கிடந்தது. ஊதாப்பூச் சாடிகளில் ஒன்று ஏற்கனவே செத்துப்போயிருந்தது.

"இப்ப என்ன செய்யணும்? அவரு என்ன சொன்னாரு?"

டொபிக்காகக் கேட்டதில் சிலது என் தலைக்குள் ஒட்டித்தான் இருந்தது. மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்க்கவேண்டும், ஈரம் இருந்தால் தண்ணீரோடு திரும்பி வரவேண்டும். ஊதாப்பூச் செடிக்கு இலை நனையக்கூடாது, தட்டில் தண்ணீர் வைத்துச் சாடியை அதில் இருத்தவேண்டும். அந்தூரியத்துக்கு வெறும் மண் கூடாது, தும்பும் கரியும் செங்கல் துண்டும் கலக்கவேண்டும். ஒரே பக்கம் வெளிச்சம் பட்டால் செடி கூனிப்போகும், நாலு நாளைக்கு ஒருமுறை சாடியைத் திருப்பிவைக்கவேண்டும். இலையில் தூசி பிடித்தால் அதற்கு மூச்சு முட்டும்.

சாச்சி எழுந்து உட்கார்ந்தார். தனது பழைய துணியொன்றைக் கிழித்து நனைத்து, அந்தூரியத்தின் இலையை மடியில் வைத்துக்கொண்டு துடைத்தார். மேற்பக்கம் துடைத்தார், திருப்பிக் கீழ்ப்பக்கமும் துடைத்தார். செடி வளர்த்துப் பழக்கமில்லாத கை. இரண்டு இலை ஒடிந்துவிட்டது.

அன்று சோற்றுக்கோப்பை காலியாகத் திரும்பியது. உம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் கொஞ்ச நேரம் நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

சாச்சாவின் ராத்தா, அதாவது அவருடைய அக்கா, சாய்ந்தமருதிலிருந்து பார்க்க வந்தபோது மட்டும் ஒரு பிரச்சினை வந்தது. இத்தாவில் இருக்கிறவளின் அறையில் பூவும் அலங்காரமும் ஆகுமா என்று அவர் கேட்டார். என் வாப்பா போய் மௌலவியிடம் விசாரித்துக்கொண்டு வந்தார். "செடிக்குத் தண்ணி ஊத்துறது எப்ப இருந்து ஹராமான?" என்று மௌலவி திருப்பிக் கேட்டாராம். அத்தோடு அந்தக் கதை முடிந்தது. ராத்தாவுக்கு முடிந்ததாகத் தெரியவில்லை.

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கிய நாட்களில், அலுமாரியின் அடித்தட்டைத் துப்புரவு செய்யும்போது சாச்சி ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கண்டெடுத்தார். உள்ளே பழைய பத்திரிகைத்தாளில் சுற்றிய மூன்று கிழங்கு. வெங்காயம்போலவே மண்ணிறத் தோல், ஆனால் கழுத்து நீளம்.

"இது லில்லிக் கிழங்கு" என்றேன். இதைப் பற்றிச் சாச்சா சொன்னது எனக்கு உண்மையாகவே நினைவிருந்தது. "செத்துப்போகல்ல, உறங்குது எண்டாரு. கொஞ்ச மாசம் உறங்க விடணுமாம். பிறகு எழுப்பினா செவப்பாப் பூக்குமாம், இவ்வளவு பெரிசு."

"எப்படி எழுப்புற?"

அந்த இடத்தில்தான் எனக்குப் பாடம் இல்லை. தண்ணீர் பற்றி ஏதோ சொன்னார் என்பது தெரிந்தது. "தண்ணி ஊத்தி" என்றேன்.

ஒன்றை மட்டும் முதலில் நடுவோம், மற்ற இரண்டும் கிடக்கட்டும் என்றார் சாச்சி. எவ்வளவு ஆழம் என்று கேட்டார். உறங்குகிற ஆளுக்குப் போர்த்திவிடுவதுபோல முழுதாக மூடவேண்டும் என்று சொன்னேன். அது என் சொந்த யோசனை. மண்ணுக்குள் கிழங்கு மறைந்த நிமிடத்திலிருந்து சாச்சிக்கு அதே நினைப்பு. காலையில் நான் பள்ளிக்கூடம் போகும்போது யன்னல் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வரும்: "இன்னம் ஒண்டையும் காணல்ல மகள்."

எனக்கு அவசரமாகிவிட்டது. பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றினேன். வந்ததும் ஒரு கோப்பை. குர்ஆன் ஓதிவிட்டு வந்து இன்னொரு கோப்பை. இரண்டு கிழமை அப்படிப் போனது. சாடியிலிருந்து கருவாட்டுச் சட்டி மணம் வந்தபோது எனக்குப் பயம் பிடித்தது. வெயில் காட்டப்போகிறேன் என்று சொல்லிச் சாடியைப் பின்வளவுக்குத் தூக்கிக்கொண்டுபோய்க் கிண்டினேன். கிழங்கு விரலில் கூழாக வந்தது.

அந்த நேரம் பார்த்து வேலியோரம் உம்மா பக்கத்து வீட்டுக்காரியோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கிழங்கு முளைக்கும் முளைக்கும் எண்டுதான் எழும்பி நடக்கிறா. இப்ப அதுவும் செத்துப்போனா என்ட தங்கச்சிய என்னால பாக்க ஏலா."

நான் கையைக் கழுவினேன். எங்கள் குசினிக்குப் போனேன். கூடையில் இருந்த பம்பாய் வெங்காயங்களில் பெரியதாகவும் உச்சியில் பச்சை எட்டிப்பார்ப்பதாகவும் ஒன்றைத் தெரிவுசெய்தேன். சாடியில் புது மண் போட்டு, கழுத்து மட்டும் தெரிய அதை நட்டுக் கொண்டுபோய் யன்னலடியில் வைத்தேன்.

மறுநாள் பச்சை முனை ஒரு விரற்கடை நீண்டிருந்தது. சாச்சி குனிந்து பார்த்தார். மூக்கைக் கிட்டக் கொண்டுபோனார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ். ஒரே ராவுல முளைச்சிட்டு" என்றார்.

"லில்லி அப்படித்தான் சாச்சி."

அந்தப் பதில் எனக்கே பிடித்திருந்தது. இருபது வருடம் வெங்காயம் வெட்டி ஆணம் காய்ச்சிய ஒருத்திக்கு அதன் தாளும் மணமும் நாலடி தூரத்திலேயே தெரியும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. அந்த இருட்டறையும் அழுத கண்ணும் என்னைக் காப்பாற்றிவிட்டன என்று நம்பினேன். சாச்சியும் அதை லில்லியாகவே நடத்தினார். மற்றச் சாடிகளைத் திருப்பும்போது அதையும் திருப்பிவைத்தார். விரலை விட்டு ஈரம் பார்த்தார்.

ஆனால் ஒவ்வொரு பின்னேரமும் நான் உள்ளே வந்ததும் ஒரு கேள்வி காத்திருந்தது. "வேறென்ன சொன்னாரு?" நான் சொல்லச் சொல்ல அவர் துணியை வைத்துவிட்டுக் கேட்டார். சொன்னதையே திரும்பச் சொன்னாலும் கேட்டார். என்னிடம் இருந்தது பத்துப் பன்னிரண்டு விசயம்தான். அது தீர்ந்துபோனதும் நான் சொந்தமாகச் சொல்லத் தொடங்கினேன். பிகோனியாவுக்கு ஸலவாத்து ஓதினால் தண்டு நிமிரும் என்று சொன்னாராம். அந்தூரியத்துக்குத் தேயிலைத் தண்ணீர் விருப்பம் என்று சொன்னாராம். சாச்சி அத்தனையையும் செய்தார். தேயிலைத் தண்ணீரால் எறும்பு வந்தது, அவ்வளவுதான்.

பொய் சொல்லப் பழகிவிட்டால் வாய் கூசாது. ஒருநாள் இப்படிச் சொன்னேன்: "இந்த லில்லி சாச்சிக்கு எண்டுதான் வாங்கிட்டு வந்தேன் எண்டு சொன்னாரு. பூத்தா அவட கட்டிலுக்குப் பக்கத்தில வைக்கணும் எண்டாரு."

சாச்சி என் பக்கம் திரும்பினார். "எப்ப சொன்னாரு?"

எனக்கு ஒரு நாள் தேவைப்பட்டது. நினைவில் தெளிவாக இருந்த ஒரே நாள் அந்தக் கடைசி நாள்தான். அன்று காலை வளவுக்குள் அவரைக் கண்டிருந்தேன். "பள்ளிக்கு நேரமாச்சி, ஓடு" என்பதைத் தவிர அவர் எதுவும் சொல்லவில்லை.

"வயலுக்குப் போன அண்டைக்கு. காலம்பற."

"அண்டைக்கா? காலம்பறயா? நல்லா நினைச்சுப் பாத்துச் சொல்லு."

"ஓம் சாச்சி. மோட்டார் சைக்கிள எடுக்கக்குள்ள."

அவர் அதை மூன்று முறை சொல்லவைத்தார். பிறகு முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். என் கதை இத்தனை நன்றாக எடுபட்டது அதுதான் முதல் தடவை.

இத்தா முடிந்த அன்று வளவு நிறையப் பெண்கள். சாச்சி விடியவே குளித்து, உடுப்பு மாற்றி, ஹோலுக்கு வந்து இருந்தார். ஓதி முடிந்து, குசினியில் சோறு தம்மில் கிடந்தது. என் கண் முழுவதும் இனிப்பான வட்டிலப்பத்தின் மேல். அப்போது படுக்கையறைக்குள்ளிருந்து சாச்சாவின் ராத்தாவின் குரல் வந்தது.

"இதென்ன கூத்து! சாடிக்குள்ள வெங்காயம் நட்டு வச்சிரிக்கி, இஞ்ச வந்து பாருங்க!"

பெண்கள் வாசலில் கூடினார்கள். அதற்குள் வெங்காயத்தாள் முழங்கை நீளத்துக்கு வளர்ந்து ஒருபக்கம் சாய்ந்திருந்தது. ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். இன்னொருத்தி, சாச்சிக்குக் கேட்கும்படியாகவே, "அல்லாஹ்வே, அறைக்குள்ள கிடந்து புள்ளைக்கு மூளை குழம்பிட்டு போல" என்றாள். உம்மாவின் முகம் வெளிறிவிட்டது. நான் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் ஒட்டிக்கொண்டு நின்றேன். அடுத்த கேள்வி, இதை யார் நட்டது என்பதாகத்தான் இருக்கும். உம்மாவின் அடியைவிட, அத்தனை பேருக்கு முன்னால் சாச்சி என்னைப் பார்க்கப்போகும் பார்வைதான் எனக்குப் பயமாக இருந்தது.

சாச்சி எழுந்து வந்தார். "நான்தான் நட்டன் மதினி. முட்டை பொரிக்கத் தாள் வேணும் எண்டு" என்றார். கத்தி எடுத்துவரச் சொல்லி, அந்த இடத்திலேயே தாளை அடியோடு அறுத்து உம்மாவின் கையில் கொடுத்தார். "சோத்துக்கு நாலு முட்டையும் பொரிங்க ராத்தா."

முட்டைப் பொரியல் வந்தது. எனக்கு முதல் துண்டு வைத்தது சாச்சிதான். அவர் முகத்தைப் பார்க்காமல் அதைத் தின்றேன்.

மறுநாள் நான் போனபோது சாச்சி கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, சப்பாத்துப் பெட்டியோடு நிலத்தில் இருந்தார். மிச்ச இரண்டு கிழங்கும் பத்திரிகைத்தாளிலிருந்து வெளியே கிடந்தன.

"அந்தக் கிழங்குக்கு என்ன நடந்த?"

நான் அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று கோப்பைத் தண்ணீர், கருவாட்டு மணம், கூழ், குசினிக் கூடை. கூடை வந்த இடத்தில் சாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டு உம்மா ஓடிவந்து, யன்னலால் எட்டிப்பார்த்துத் திரும்பிப் போனார்.

"சரி. வேற எது பொய்?"

"ஸலவாத்து ஓதினா தண்டு நிமிரும் எண்டது. தேயிலைத் தண்ணி."

"அவரு கிழங்கப் பத்தி உண்மையில என்ன சொன்னாரு?"

பயம் விட்டதும் நினைவு வந்தது. "தண்ணியக் காட்டணும் எண்டாரு. ஊத்தக் கூடா எண்டாரு. பாதிக் கிழங்கு வெளிய நிக்கணுமாம்."

சாச்சி ஒரு கிழங்கை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"அண்டைக்குக் காலம்பற சொன்னாரு எண்டியே. அது?"

நான் ஏற்கனவே மூன்று பொய்யை ஒப்புக்கொண்டிருந்தேன். நான்காவதுக்குக் கட்டாயம் அடி விழும் என்று பட்டது. நான் அப்படிச் சொன்னதற்கு இதைவிட நல்ல காரணம் ஏதாவது இருந்தது என்று இப்போது சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். இருக்கவில்லை.

"அது மட்டும் உண்ம சாச்சி."

அவர் தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு இருவருமாக இரண்டு சாடியில் மணலும் தும்பும் கலந்து, கிழங்கைப் பாதி வெளியே நிற்கிறமாதிரி நட்டோம். சாச்சி தேக்கரண்டியால் தண்ணீர் காட்டினார்.

ஒன்று அப்படியே கிடந்தது. மற்றதில் இரண்டு மாதம் போக இலை வருமுன்னே தடித்த தண்டொன்று எழும்பி, உச்சியில் நான்கு சிவப்புப் பூ விரித்தது. சாச்சா சொன்ன அளவுக்கே பெரிசு. சாச்சி அதைத் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். கேள்விப்பட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்க்க வந்தார்கள், சாச்சாவின் ராத்தாவும் சாய்ந்தமருதிலிருந்து வந்தார். வந்த ஒவ்வொருவருக்கும் சாச்சி ஒரே கதையைச் சொன்னார்.

"எனக்கு எண்டுதான் வாங்கிட்டு வந்தாராம். வயலுக்குப் போன அண்டைக்குக் காலம்பற, இந்தப் புள்ளைக்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாரு."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சாச்சாவின் ராத்தா என்னை இழுத்து அணைத்து உச்சியில் முத்தமிட்டார், அவர் கண்கள் கலங்கியிருந்தன. எனக்கு ஒரே பெருமை. ஆனால் மனதுக்குள் ஒரு சின்னக் குறையும் இருந்தது. பாதிக் கிழங்கு வெளியே நிற்கவேண்டும், தண்ணீரைக் காட்டத்தான் வேண்டும் என்று சரியாக நினைவுபடுத்திச் சொன்னது நான்தான். பூத்ததே அதனால்தான். அதை மட்டும் சாச்சி ஒருவரிடமும் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.